நீலமலையில் எட்டாம் நாள்

தமிழகத்தில் ஓய்வு என்னும் சொல்லைக் கேட்டதும் பலருடைய உள்ளத்தில் எழும் காட்சி உதகமண்டலமே. பள்ளித் தேர்வுகள் முடிந்து, சமவெளியில் வெயில் ஏறத் தொடங்கியதும், குடும்பம் குடும்பமாக மக்கள் நீலகிரி மலையேறுகின்றனர். குளிர்ந்த காற்று, ஓங்கி வளர்ந்த மரங்கள், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள், மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு ஆகியவற்றைக் கண்டு களித்து, சில நாட்களில் இறங்கி வருகின்றனர்.

ஆனால் அம்மலையிலேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அந்த மண்ணிலேயே அடக்கமாகும் மக்களுக்கு ஓய்வு உண்டா? பிறர் இளைப்பாறுவதற்கென்றே அமைந்த ஊரில், அவ்வூரார் இளைப்பாறுவது எப்போது? இக்கேள்வி நீலகிரிக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடத்திலும், சென்னையின் கணினி நிறுவனத்திலும், நம் வீட்டு அடுப்பங்கரையிலும் எழ வேண்டிய கேள்வியே இது. ஆயினும் அதைக் கேட்பதற்கு அந்த மலையைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்று கருதுகிறேன்.

சென்ற ஆண்டு, அன்னை மரியாவின் பிறப்புத் திருவிழாவை முன்னிட்டு, குன்னூருக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றில் நவநாள் மறையுரை ஆற்றும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஒன்பது நாட்களில் கண்டவற்றையும் சிந்தித்தவற்றையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பல்சக்கரப் பாதையில்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் நீளும் மலை இருப்புப்பாதையை அறியாதவர் இரார். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் இப்பாதை திறக்கப்பட்டது. 16 குகைவழிகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் இதில் உள்ளன. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயர வேண்டிய இடங்களும் உண்டு. ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுள்ள இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கின்றனர். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. எஞ்சின் வண்டியை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் அளவிலேயே வண்டி நகர்கிறது. பேருந்தில் சென்றால் இதில் பாதி நேரம் கூட ஆகாது.

வழியில் ஹில்குரோவ் முதலிய இடங்களில் வண்டி நின்றுவிடுகிறது. ஏறுவாரும் இறங்குவாரும் அங்கே அதிகமில்லை. எஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்காகவே அந்த நிறுத்தம். என்னோடு பயணம் செய்தவர்களுள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தவண்ணம், "இன்னும் எவ்வளவு நேரம்தான் நிற்பார்களோ?" என்று சலித்துக்கொண்டார். நீராவியால் ஓடும் எஞ்சின் நின்று நீர் பருகாவிட்டால் அடுத்த ஏற்றத்தில் ஏற இயலாது. நிற்கும் அந்தச் சில நிமிடங்களும் பயணத்தின் ஒரு பகுதியே அன்றிப் பயணத்திற்குத் தடையல்ல. இந்த எளிய உண்மையை இரும்பு எந்திரத்திற்குப் பொருத்திப் பார்க்கும் நாம், இரத்தமும் சதையுமான நம் உடலுக்கும் உள்ளத்துக்கும் பொருத்திப் பார்ப்பதில்லை.

ஓய்வுக்கென எழுந்த ஊர்

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குள் உதகையில் கல்லால் வீடு கட்டிக் குடியேறினார். மலையின் குளிர், சமவெளி வெப்பத்தில் வாடிய ஆங்கிலேயப் படைவீரருக்கும் அலுவலருக்கும் மருந்தாகும் என்று அரசுக்கு எடுத்துரைத்தார். நோயுற்றோர் உடல் தேறும் இடமாகத் தொடங்கிய உதகை, பின்னர்ச் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராகவே உயர்ந்தது. 1848-ஆம் ஆண்டில் தாவரவியல் பூங்கா உருவாயிற்று.

இருப்புப்பாதை இல்லாத அக்காலத்தில் துரைமார் மலையேறியது எவ்வாறு? குதிரைமீதும், மாட்டு வண்டியிலும், மனிதர் தோளில் சுமந்த பல்லக்கிலுமே. அவர்களுடைய ஓய்வு, பிறருடைய தோள்களின்மீது ஏறியே மலைக்கு வந்தது.

இதைக் கூறுவது பழைய ஆட்சியாளரைக் குறைகூறுவதற்காக அன்று. இன்று நாம் செல்லும் முறையும் அதுதானா என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே. இரண்டு நாள் விடுமுறையில் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா, சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு என்று பத்து இடங்களைப் பட்டியலிட்டு ஓடுகிறோம். நம்மை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவுகளில் பகலெல்லாம் கண்ணிமைக்காமல் வண்டியோட்டுகிறார். இரவில் நாம் கம்பளிக்குள் உறங்க, அவர் குளிரில் வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார். இந்நிலை பரவலாக இருந்ததனாலேயே, தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்கும் படுக்கை வசதி அமைக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டட விதிகளில் சேர்க்க நேர்ந்தது.

மனிதருக்கு மட்டுமா களைப்பு? மலையும் களைத்துவிட்டது. உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. 2025-ஆம் ஆண்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களுமே ஏறலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. ஆறு ஆண்டுகள் விதைத்தபின் ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட்டு அதற்கும் ஓய்வு தரவேண்டும் என்று இஸ்ரயேலருக்கு ஆண்டவர் கட்டளையிட்டதை (லேவியர் 25) நாம் மறந்தாலும், மண் மறப்பதில்லை.

கொழுந்தெடுக்கும் கரங்கள்

உதகையின் கடைவீதியை விட்டுக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சென்றால் வேறொரு நீலகிரி தென்படுகிறது. அதிகாலைப் பனியில், இடுப்பில் தார்ப்பாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோ பையோ தொங்க, பெண்கள் வரிசை வரிசையாக மலைச்சரிவில் ஏறுகின்றனர். மழைக்காலத்தில் அட்டைக் கடி. பனிக்காலத்தில் விரல்கள் விறைக்கும் குளிர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கணக்கில் கொழுந்து பறித்து, நிறுக்குமிடம் வரை சுமந்து வருகின்றனர்.

இவர்களுள் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வழியினர். 1964 அக்டோபரில் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமுறைகளாக இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். அவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-ஆம் ஆண்டில் தமிழக அரசின் வனத்துறை நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' என்று நாமறிந்த அரசு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. இன்று இம்மக்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றுவிட, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரைப் பல தோட்டங்களில் காண்கிறோம்.

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை நாட்டின் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1951-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வை வகுத்தது. வாரத்திற்கு 54 மணி நேரம் என்றிருந்த உச்ச வரம்பு, 1981-ஆம் ஆண்டின் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. அச்சட்டத்தில் கருதத்தக்க ஒரு விதி இருந்தது. தொழிலாளி தானே விரும்பி ஓய்வு நாளில் வேலை செய்ய முன்வந்தாலும், முழுநாள் ஓய்வின்றித் தொடர்ந்து பத்து நாட்களுக்குமேல் வேலை செய்தலாகாது என்பதே அது. பிறர் நம்மை அடிமைப்படுத்துவது போலவே, நம் ஆசையும் நம் கடனும்கூட நம்மை அடிமைப்படுத்தும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் போலும்!

ஆனால் சொந்த நிலத்தில் ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு எந்தச் சட்டம் ஓய்வு தரும்? பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை 1990-களின் இறுதியில் சரிந்த நாள்முதலாக அவர் பட்ட துன்பம் சிறிதன்று. விலை குறைந்தால், இன்னும் அதிகமாகப் பறித்து ஈடு செய்ய முயல்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்திலேயே கழிகிறது. அவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. இத்தகையோர்க்கு இறைவனின் கட்டளையன்றி வேறு வேலி இல்லை.

ஒரு தாயின் கேள்வி

நவநாளின் நான்காம் நாள் மாலை, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். அன்றைய மறையுரையில் ஞாயிற்றுக்கிழமையைப் புனிதமாகக் கடைப்பிடிப்பது பற்றிப் பேசியிருந்தேன். வயது எழுபதை நெருங்கும் தாய் ஒருவர் அருகில் வந்து கைகுவித்தார். சிறுமியாக இலங்கையிலிருந்து வந்து, நாற்பது ஆண்டுகளுக்குமேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர்.

"சாமி, ஒரு வார்த்தை கேட்கலாமா? ஞாயித்துக்கிழமை ஓய்வுன்னு சொன்னீங்க. எங்களுக்கு அன்னைக்குத்தான் வேலை அதிகம். ஆறு நாள் தோட்டத்துக்குப் போச்சு. ஏழாவது நாள் துணி, விறகு, தண்ணி, சமையல், புள்ளைங்கன்னு வீட்டுக்குப் போச்சு. எனக்குன்னு எட்டாவது நாள் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க சாமி."

"உங்கள் வீட்டுக்காரர் உதவி செய்ததில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்தான் சாமி. ஆனா ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. எனக்குத்தான் இல்லை" என்று சிரித்தார். இப்போது தம் மருமகள் நிலையும் அதுவே என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

அந்தத் தாய் அறியாமலேயே திருச்சபையின் மிகப் பழைமையான சொல்லொன்றை மொழிந்துவிட்டார். தொடக்கத் திருச்சபையின் தந்தையர் ஞாயிற்றுக்கிழமையை 'எட்டாம் நாள்' என்றே அழைத்தனர். ஏழு நாட்களில் படைப்பு நிறைவுற்றது. ஏழாம் நாளைக் கடந்த மறுநாளில் ஆண்டவர் கல்லறையினின்று உயிர்த்தெழுந்தார். ஆகவே அது பழைய வாரத்தின் தொடர்ச்சியன்று. புதிய படைப்பின் முதல் நாள். முடிவில்லா வாழ்வின் முன்சுவை. புனித பசிலியாரும் புனித அகுஸ்தினாரும் இக்கருத்தை விரித்துரைத்துள்ளனர். அந்த எட்டாம் நாள் எனக்கு எங்கே என்பதே அத்தாயின் கேள்வி. நம் குடும்பங்கள் விடையளிக்க வேண்டிய கேள்வி இது.

கவ்வாத்து கூறும் பாடம்

மறுநாள் காலை, தோட்டத்தில் மேற்பார்வையாளராகப் பணிபுரியும் பங்கு மக்களுள் ஒருவர் என்னைத் தேயிலைக் காட்டினூடே அழைத்துச் சென்றார். தேயிலை இயல்பில் மரம். பறிக்காமலும் வெட்டாமலும் விட்டால் முப்பது அடிக்குமேலும் ஓங்கி வளரும். ஆனால் அதிலிருந்து கைக்கெட்டும் கொழுந்து கிடைக்காது. அதனை இடுப்பளவுச் செடியாக நிறுத்தி வைப்பது மனிதருடைய இடைவிடாத உழைப்பே.

எனினும் நினைத்தபோதெல்லாம் அதில் கைவைக்க இயலாது. ஒருமுறை பறித்த செடியை மீண்டும் பறிப்பதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் தலையை வெட்டிவிடுகின்றனர். இதனையே தோட்டத்து மக்கள் 'கவ்வாத்து' என்கின்றனர். பச்சையெல்லாம் போய், வெறும் குச்சிகளே நிற்கும் அக்காட்சி பார்ப்பதற்கு அழிவு போலவே தோன்றும். பின்னர்த் துளிர்த்து, மறுபடி கொழுந்து பறிக்கச் சில மாதங்கள் ஆகும்.

இதில் நான் அறிந்து வியந்த செய்தி ஒன்றுண்டு. கவ்வாத்துக்கு முன் செடிக்கு ஓய்வு தருகின்றனர். சில வாரங்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு விட்டால்தான் இலைகள் உண்டாக்கும் உணவு வேரில் மாவுச்சத்தாகச் சேர்ந்து நிற்கும். வேரின் ஒரு துண்டை வெட்டி அயோடின் கரைசல் இட்டுப் பார்த்தால், மாவுச்சத்து இருக்குமிடம் கருநீலமாக மாறும். வேரில் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால், அது மீண்டும் துளிர்க்க வலுவின்றிப் பட்டுப்போகும்.

அன்பார்ந்த வாசகர்களே, மனித வாழ்விலும் கவ்வாத்துக் காலங்கள் வரவே செய்யும். நோய், இழப்பு, கடன், பிரிவு, முதுமை என்னும் கத்திகள் எவரையும் விட்டுவைப்பதில்லை. அந்நாளில் மீண்டும் துளிர்ப்பவர் யார்? வேரில் சேமிப்பு உள்ளவரே. ஞாயிறுதோறும் இறைவன் திருமுன் அமர்ந்த நேரமும், மனைவி மக்களோடு மனம்விட்டுப் பேசிய மாலைகளும், செபமாலையோடு முடிந்த இரவுகளுமே அந்த வேர்ச்சேமிப்பு. உழைக்காமலே இருப்பவர் பறிக்காத தேயிலை மரம் போன்றவர். உயரம் உண்டு, பயன் இல்லை. ஓயாமல் உழைப்பவர் ஓய்வின்றிப் பறிக்கப்பட்ட செடி போன்றவர். ஒருநாள் வெட்டு விழும்போது பட்டுப்போவார். இரண்டிற்கும் நடுவே இறைவன் வகுத்த அளவு ஒன்றுண்டு.

மலைக்குடிகளின் புனித நாள்

இம்மலையின் தொன்மையான குடிகளும் இவ்வளவை உணர்ந்திருந்தனர். 1603-ஆம் ஆண்டில் மலபாரிலிருந்து இயேசு சபைக் குரு பெனிசியோ மலையேறி வந்து தோதவ மக்களைச் சந்தித்தார். பிற்காலத்தில் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அம்மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906-ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு மந்துக்கும் வாரத்தில் தனிப் புனித நாள் உண்டு என்றும், அந்நாளில் மந்திலிருந்து பணமும் பொருளும் வெளியே செல்லலாகாது என்றும் அவர் குறித்துள்ளார். படகர் ஊர்களில் திங்கட்கிழமைக்குத் தனி மதிப்பு இருந்ததாகக் கூறுவர்.

பணம் கைமாறாத ஒரு நாள்! விற்றலும் வாங்கலும் நின்றுபோகும் ஒரு நாள்! எருமை மேய்த்து வாழ்ந்த மக்கள் இதனைக் கடைப்பிடித்தனர். நாமோ ஞாயிற்றுக்கிழமையைக் கடைவீதிக்கென்றே ஒதுக்கிவிட்டோம்.

இறைவாக்கு காட்டும் இரு காரணங்கள்

ஓய்வு நாள் கட்டளை திருவிவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் கட்டளை ஒன்றே, காரணம் வேறு. விடுதலைப் பயண நூலில் (20:8-11), ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். இணைச்சட்ட நூலில் (5:12-15), நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை மறவாதீர்கள் என்பது காரணம். முதலாவது, ஓய்வு இறைவனின் இயல்போடு ஒட்டியது என்று காட்டுகிறது. இரண்டாவது, ஓய்வு விடுதலை பெற்றவரின் அடையாளம் என்று காட்டுகிறது. அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது.

கட்டளையில் யார் யார் பெயர் வருகிறது என்றும் நோக்குங்கள். வீட்டுத் தலைவர் மட்டுமல்லர். மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அயலார் ஆகிய அனைவரும் ஓய்வு பெற வேண்டும். தான் ஓய்ந்திருந்து பிறரை உழைக்கச் செய்பவர் கட்டளையின் பாதியையே கடைப்பிடிக்கிறார். வேலைப்பளு மிகுந்த காலம் என்னும் சாக்கும் செல்லாது. உழவு காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூட ஓய்ந்திருக்குமாறு மற்றோரிடத்தில் (விடுதலைப் பயணம் 34:21) ஆண்டவர் கூறுகிறார். மழை பெய்து கொழுந்து குவியும் மாதங்களில் தேயிலை விவசாயிக்கு இது எளிதன்று. ஆறாம் நாளில் இரட்டிப்பாக மன்னா பொழிந்த இறைவன்மீது நம்பிக்கை உள்ளவருக்கே இது இயலும்.

நம் ஆண்டவர் இயேசு உழைப்பாளியாகவே நாசரேத்தில் வளர்ந்தார். பணி முடிந்து திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதபடி மக்கள் கூட்டம் நெருக்கியபோது, தனிமையான இடத்திற்குச் சென்று சற்று இளைப்பாறும்படி அவர்களை அழைத்தார் (மாற்கு 6:31). அதே நேரத்தில், ஓய்வு நாள் மனிதருக்காகவே உண்டானது என்று கற்பித்து, அந்நாளில் நோயாளரைக் குணமாக்கினார். உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று எழுதிய புனித பவுலும் (2 தெசலோனிக்கர் 3:10) கூடாரத் தொழில் செய்தே பிழைத்தார். நம் மறை சோம்பலையும் போற்றவில்லை. ஓயாத ஓட்டத்தையும் போற்றவில்லை.

திருச்சபையின் குரல்

1891-ஆம் ஆண்டில், தொழிலாளர் நிலைபற்றித் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமையாக எடுத்துரைத்தது. அந்த ஓய்வு வெறும் சோம்பலுக்கும் பணத்தை வீணாக்கும் தீய வழிகளுக்கும் வாயிலாகிவிடலாகாது என்றும் எச்சரித்தது. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவாக ஏற்படுத்தினார். அதே ஆண்டில்தான் உதகை மறைமாவட்டமும் உருவாகி, பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி படியறா ஆண்டகை அதன் முதல் ஆயரானார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டில் மனித உழைப்பைப் பற்றியும், 1998-ஆம் ஆண்டில் ஆண்டவருடைய நாளைப் பற்றியும் தனித்தனி மடல்கள் வரைந்தார். உழைப்பிலும் ஓய்விலும் மனிதர் தம்மைப் படைத்தவரைப் பின்பற்றுகின்றனர் என்பது அவர் அளித்த போதனை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2187) மேலும் ஒரு கடமையை நினைவூட்டுகிறது. பிறர் ஆண்டவருடைய நாளைக் கடைப்பிடிக்க இயலாதவாறு அவர்கள்மீது தேவையற்ற வேலையைச் சுமத்தலாகாது என்பதே அது. நாம் விடுமுறைக்குச் செல்லும்போது நம் ஓட்டுநருக்கும், விடுதிப் பணியாளருக்கும் ஞாயிறு உண்டா என்று கேட்பது இக்கடமையைச் சேர்ந்ததே.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவை

சிந்தனை செயலாக மாறாவிட்டால் பயனில்லை. ஆகவே குடும்பங்களுக்குச் சில வழிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஞாயிறு வீட்டு வேலையை அனைவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை மாலையே துணி துவைத்தல், வீடு பெருக்குதல் முதலியவற்றை ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து முடித்துவிட்டால், ஞாயிறு தாய்க்கும் ஞாயிறாகும். விருந்துச் சமையல் என்ற பெயரில் அவரை நண்பகல் வரை அடுப்படியில் நிறுத்தி வைப்பது ஓய்வு நாளைக் கடைப்பிடிப்பதாகாது. மகனுக்கும் இதைப் பழக்குங்கள்; நாளை அவன் மனைவி உங்களை வாழ்த்துவாள்.

இரண்டாவது, திருப்பலியை நாளின் நடுவில் வையுங்கள், விளிம்பில் அல்ல. வேலை முறையின் காரணமாக ஞாயிறு வர இயலாதவர்கள் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொள்ளலாம். அதுவும் ஞாயிறு கடனை நிறைவேற்றுவதேயாகும். மருத்துவமனைச் செவிலியர், ஓட்டுநர், காவலர் முதலியோர் குற்ற உணர்வு கொள்ளாமல் தங்கள் பங்குக் குருவிடம் பேசி ஏற்ற நேரத்தைக் கண்டறிவார்களாக.

மூன்றாவது, மதுவை ஓய்வு என்று எண்ணாதீர்கள். ஆறு நாள் உழைத்த கூலி ஏழாம் நாளில் மதுக்கடையில் கரையும் அவலம் மலைக்கும் உண்டு, சமவெளிக்கும் உண்டு. மது தருவது மயக்கம். அது உடலையும் ஆற்றுவதில்லை, வீட்டையும் ஆற்றுவதில்லை.

நான்காவது, கைப்பேசிக்கும் ஓய்வு கொடுங்கள். உடல் வீட்டில் இருக்க, உள்ளம் அலுவலகத்தில் இருப்பது ஓய்வன்று. தோதவர் மந்தைப்போல, ஒரு நாளேனும், ஒரு வேளையேனும், வாங்கலும் விற்றலும் வேலைச் செய்தியும் நம் வாசலைத் தாண்டாதிருக்கட்டும்.

ஐந்தாவது, உங்களிடம் வேலை செய்பவருக்கு ஓய்வு கொடுங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணும், கடையில் நிற்கும் இளைஞனும், வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியும் கட்டளை குறிப்பிடும் அந்த 'அயலார்' அன்றோ? கூலியைக் குறைக்காமல் தரப்படும் ஓய்வே ஓய்வு.

சிலுவையின் நிழலில்

நவநாள் நிறைவுற்றபின் உதகையில் காந்தல் குருசடித் திருத்தலத்திற்குச் சென்றேன். தென்னகத்தின் கல்வாரி என்று மக்கள் அன்போடு அழைக்கும் இத்திருத்தலத்தில் ஆண்டவரின் திருச்சிலுவையின் சிறு துண்டு போற்றிக் காக்கப்படுகிறது. அன்று அது வேலைநாள், கூட்டம் இல்லை. காய்கறிச் சுமை இறக்கிவிட்டு வந்த தொழிலாளர் ஒருவர், தலைத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் போல அசையாமல் முழந்தாளிட்டிருந்தார். பிறகு எழுந்து, சிலுவை அடையாளம் வரைந்து, வேலைக்குத் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த அமைதியை எந்தச் சுற்றுலா இடத்திலும் நான் காணவில்லை.

உழைப்பால் இறைவனின் படைப்புப் பணியில் பங்கு பெறுகிறோம். ஓய்வால் அவருடைய மகிழ்ச்சியில் பங்கு பெறுகிறோம். இரண்டும் அவர் அளித்த கொடைகளே. ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடாமல் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. வருகின்ற ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் இன்னும் அமராத ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அவரை அமரச் சொல்லிவிட்டு, அவர் கையில் இருக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு எட்டாம் நாள் அப்போதுதான் விடியும்.

உழைத்துக் களைத்தோரைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர் இயேசு, உங்கள் உழைப்பையும் ஓய்வையும் ஆசீர்வதிப்பாராக!